இனிப்புப் பனியும் மாஸ்க்கின் ஓரமும்: வீட்டிலேயே ஒரு பொருத்தச் சோதனை

2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மோசமாகிவிட்டது என்று சொல்லி இலங்கையில் பாடசாலைகளை மூடினார்கள். கொழும்பில் பலர் 'என்95' என்ற பெயரைக் கொரோனாவுக்குப் பிறகு மீண்டும் தேடியது அந்தக் கிழமையில்தான். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கார்த்திகை தொடங்கி மாசி வரை, இந்தியப் பெருநிலத்தின் தூசும் புகையும் கடல் தாண்டி வந்து, நம்முடைய பஸ், லொறிப் புகையோடு சேர்ந்துகொள்ளும். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்னும் சிலருக்கு மாஸ்க் வேறு காரணங்களுக்காக வேண்டும்: பழைய சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பவர்கள், பலகை அரம் போடுபவர்கள், வீட்டில் காசநோய்க்காரரைப் பராமரிப்பவர்கள்.

இவர்கள் எல்லோரும் மாஸ்க்கை வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த மாஸ்க் தங்கள் முகத்தில் ஒட்டுகிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது: மாஸ்க்கைச் சுற்றி இனிப்பான பனியை விட்டு, உள்ளே நாக்குக்கு இனிக்கிறதா என்று பார்ப்பது. பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். சக்கரினும் (ஒரு செயற்கை இனிப்பு) ஒரு நெபுலைசரும் (திரவ மருந்தைப் பனியாக்கும் இயந்திரம்) உதவிக்கு இன்னொரு ஆளும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குள் முடித்துவிடலாம்.

95 என்பது துணியின் கணக்கு

என்95 என்றால், 0.3 மைக்ரோன் அளவிலான, பிடிப்பதற்கு மிகச் சிரமமான துகள்களில் குறைந்தது 95 வீதத்தை அந்த வடிகட்டித் துணி பிடிக்கும் என்று பொருள். துணியை ஒரு கருவியில் இறுக்கிப் பூட்டி எடுத்த கணக்கு அது. உங்கள் மூக்கின் வளைவும் கன்னத்தின் பள்ளமும் அந்தக் கருவியில் இல்லை.

காற்று எப்போதும் தடை குறைந்த வழியாகவே போகும். நீங்கள் இழுக்கும் மூச்சை 100 பங்காக வைத்துக்கொள்வோம். அதில் 10 பங்கு மூக்கோர இடைவெளியால் வடிகட்டப்படாமல் வருகிறது. மீதி 90 பங்கு துணி வழியாக வருகிறது. அதில் 5 வீதம், அதாவது 4.5 பங்கு, தப்பி உள்ளே வரும். ஆக 14.5 பங்கு அழுக்கு. 95 வீத மாஸ்க் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு 85 வீதத்தோடு நிற்கிறோம். 99 வீதத் துணி வாங்கினாலும் அந்த 10 பங்கு ஓட்டை அப்படியேதான் இருக்கும். அதனால் காசைத் துணியின் தரத்தில் கொட்டுவதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள்.

மாஸ்க்குக்கு வெளியே உள்ள துகளுக்கும் உள்ளே உள்ள துகளுக்கும் இடையிலான விகிதத்தைப் பொருத்தக் காரணி என்பார்கள். மூக்கையும் வாயையும் மூடும் அரைமுக மாஸ்க்குக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி கேட்பது 100. வெளியே 100 இருந்தால் உள்ளே ஓரத்தால் 1 மட்டுமே வரலாம். கீழே சொல்லும் இனிப்புச் சோதனை அந்த 100ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்காகவே அந்த விதியில் எழுதப்பட்டது.

பெட்டி வாங்காதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் விடயம் இது. ஒரே மாஸ்க்கில் ஐம்பது வாங்குவதைவிட, வடிவம் வேறுபட்ட மூன்று மாஸ்க்கில் ஒவ்வொன்று வாங்குவது எவ்வளவோ மேல். பழைய சோனகத் தெருவிலும் ஆமர் வீதியிலும் உள்ள ஹாட்வெயார் கடைகளில் "அண்ணை, பெட்டி வேண்டாம், மூண்டு விதத்தில ஒவ்வொண்டு தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைச் சுளித்தால் அடுத்த கடை நாலடி தள்ளித்தான் இருக்கிறது. விலை எழுதப் போவதில்லை. 2022க்குப் பிறகு இந்த நாட்டில் எழுதி வைத்த விலை எதுவும் ஆறு மாதம் தாங்கியதில்லை.

மூன்று வடிவங்கள்: கிண்ணம் போல் விறைப்பாக இருப்பது (3எம் 8210 இந்த வகை), மூன்று மடிப்பாக விரிவது (3எம் ஓரா வரிசை), நடுவில் செங்குத்தாக மடிந்து பறவை அலகு போல் நீள்வது. ஒல்லியான முகத்துக்குக் கிண்ணம் பெரும்பாலும் பெரிதாகிவிடும். மடிப்பு வகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதற்கு மேல் ஊகிக்காதீர்கள், சோதனை சொல்லட்டும்.

காதில் மாட்டும் பட்டியா, தலையைச் சுற்றும் பட்டியா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: தலைப்பட்டி. காதுப்பட்டி மாஸ்க்கை முகத்தோடு அழுத்தும் வலு காதின் மெல்லிய குருத்தெலும்பிடம் இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) அங்கீகரித்த என்95 மாஸ்க்குகள் தலைப்பட்டியோடுதான் வரும். நியோஷ் என்று அச்சிட்டுக் காதுப்பட்டி வைத்திருந்தால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையானதில் 'டிசி-84ஏ' (TC-84A) என்று தொடங்கும் அங்கீகார இலக்கம் மாஸ்க்கின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். சீனத் தயாரிப்பான கேஎன்95இல் 'ஜிபி2626-2019' என்றும், ஐரோப்பிய எஃப்எஃப்பி2இல் 'ஈஎன்149' என்றும் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கான நியோஷ் மாஸ்க் என்று ஒன்று கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

முகத்தைத் தயார் செய்வது

தாடி இருந்தால் சோதனை தேவையில்லை. விடை தெரிந்ததே: கசியும். ஒரு நாள் மழிக்காத முள்முடிகூட ஓரத்தைத் தோலிலிருந்து தூக்கிப் பிடிக்கும். மீசை மாஸ்க்குக்குள்ளேயே அடங்கினால் பரவாயில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கும் மாதங்களும் கொழும்புக் காற்று கெடும் மாதங்களும் ஒன்றாக வந்து சேர்வது ஒரு சங்கடம்தான். விரதத்தை விடச் சொல்ல நான் யார்? அந்த நாட்களில் மாஸ்க்கை நம்பி அதிக நேரம் புகையில் நிற்காமல், நடக்கும் வழியையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஹிஜாப் அணிபவர்கள் மாஸ்க்கை முதலில் போட்டு, அதன்மேல் துணியைச் சுற்ற வேண்டும். துணியின் விளிம்பு மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவே சிக்கினால் அதுவே வாசலாகிவிடும். பின்னலோ கொண்டையோ போட்டிருப்பவர்கள் மேல்பட்டியை உச்சிக்குச் சற்றுக் கீழேயும், கீழ்ப்பட்டியைக் கூந்தலுக்கு உள்ளால் பிடரியிலும் வைக்க வேண்டும். எண்ணெய் வைத்த தலையில் மேல்பட்டி வழுக்கிக் கீழே இறங்கிவிடும். இறங்கினால் மூக்குப் பக்கம் தளர்ந்துவிடும். முகத்தில் கிரீம், பவுடர், எண்ணெய்ப் பசை இருந்தால் கழுவித் துடைத்துவிடுங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும், வெளியே அப்படித்தானே போவீர்கள்.

மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாதீர்கள். கிள்ளினால் நடுவில் கூராக மடிந்து இரு பக்கமும் சிறு கூடாரம் போல் தூக்கும். இரு கையின் விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே போங்கள்.

ஒவ்வொரு முறையும் செய்யும் கைச்சோதனை

இரு உள்ளங்கைகளாலும் மாஸ்க்கை மூடி, பட்டென்று மூச்சை விடுங்கள். கண்ணுக்குக் கீழோ கன்னத்திலோ காற்றுப் படுகிறதா? பிறகு மூச்சை இழுங்கள். மாஸ்க் லேசாக முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். வால்வு வைத்த மாஸ்க்கில் விடும் மூச்சு வால்வால் போய்விடும் என்பதால் இழுத்துப் பார்ப்பதையே நம்புங்கள். கண்ணாடி மூடுபனி பிடித்தால் மூக்கோரம் தளர்ந்திருக்கிறது.

அரை நிமிட வேலை. மாஸ்க் போடும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஆனால் பெரிய ஓட்டையைத்தான் இது காட்டும். சிறிய கசிவைக் கை உணராது, நாக்கு உணரும்.

சாம்பிராணி காட்டிச் சோதிக்காதீர்கள்

நம் வீடுகளில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஊதுபத்திக்கோ சாம்பிராணிக்கோ பக்கத்தில் நிற்பது. வாசனை வந்தால் மாஸ்க் கசிகிறது என்று முடிவு கட்டுவது. அந்த முடிவு பிழை. வாசனை என்பது வாயு. என்95 துணி துகளைப் பிடிக்குமே தவிர வாயுவைப் பிடிக்காது. கச்சிதமாக ஒட்டிய மாஸ்க்கிலும் சாம்பிராணி மணக்கும். நல்ல மாஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, சோதனை என்ற பெயரில் புகையையும் குடித்ததுதான் மிச்சமாகும். மெழுகுதிரியை ஊதி அணைக்கும் சோதனையும் இதே ரகம்: அது துணி எவ்வளவு காற்றை விடுகிறது என்று ஏதோ சொல்லும், ஓரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வாசனைத் திரவியப் போத்தலில் சீனித் தண்ணீர் நிரப்பி அடிப்பதும் உதவாது. அந்தத் துளிகள் பெரியவை. காற்றில் மிதக்காமல் விழுந்துவிடும், ஓர இடைவெளியில் நுழையாது. எந்த மாஸ்க்கும் 'பாஸ்' ஆகிவிடும். தவறான தைரியம் தரும் சோதனை, சோதனை இல்லாததைவிட மோசம்.

நெபுலைசர் விடும் பனியின் துளிகள் சில மைக்ரோன் அளவுதான். அவை மிதக்கும், இடைவெளி இருந்தால் காற்றோடு உள்ளே போகும். அதேநேரம், அந்த அளவுத் துளிகளை நல்ல வடிகட்டித் துணி இலகுவாகப் பிடித்துவிடும். ஆகவே உள்ளே இனிப்பு தெரிந்தால் அது ஓரத்தால்தான் வந்திருக்க வேண்டும்.

சாமான்கள்

தூளான சோடியம் சக்கரின். புறக்கோட்டையில் கேக் எசன்ஸ், கலரிங் விற்கும் கடைகளிலும் உணவு இரசாயனம் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். நீரிழிவுக்காரருக்கான இனிப்பு மாத்திரையில் வேறு சேர்மானங்கள் கலந்திருக்கும். மாஸ்க்கோடு சோதிக்கும்போது பயன்படும் செறிந்த கரைசலை, அதாவது கடுங்கரைசலை, தயாரிக்க அது சரிவராது. வாங்கும்போது பெயரைப் படியுங்கள்: சுக்ரலோஸ், ஸ்டீவியா, அஸ்பார்டேம் எல்லாம் வேறு பொருட்கள். சக்கரின் புற்றுநோய் தரும் என்று முன்பு ஒரு பயம் இருந்தது. அமெரிக்கா தன் பட்டியலிலிருந்து 2000ஆம் ஆண்டில் அதை நீக்கிவிட்டது.

கம்பிரசர் வகை நெபுலைசர். ஆஸ்துமாப் பிள்ளை உள்ள பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். இயந்திரத்தை இரவல் வாங்கலாம், மருந்து ஊற்றும் கிண்ணத்தை மட்டும் இரவல் வாங்காதீர்கள். பாமசியில் இரண்டு புதிய கிண்ணம் வாங்கி, ஒன்றில் 'மென்', மற்றதில் 'கடும்' என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டும் ஒருபோதும் இடம் மாறக்கூடாது. உள்ளங்கையில் அடங்கும் மெஷ் வகை நெபுலைசரும் வேலை செய்யும், ஆனால் பாகு போன்ற கடுங்கரைசல் அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். மெஷ் மட்டும்தான் இருக்கிறது என்றால் பனி வரும்வரை கடுங்கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்து, எத்தனை மடங்காக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். நாலு மடங்காக்கினால் உங்கள் சோதனையின் அளவுகோல் 100இலிருந்து ஏறத்தாழ 25க்கு இறங்கிவிடும். அப்போதும் ஒரு தளர்வான மாஸ்க்கை அது காட்டிக்கொடுக்கும்.

மில்லிலீற்றர் குறியிட்ட, ஊசி இல்லாத சிறிஞ்சு ஒன்று. 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்காரர் இருந்தால் தேவையான 8.3 கிராம் சக்கரினைப் பிசகாமல் நிறுத்துத் தருவார், ஏன் என்று விளக்குவதற்குத்தான் கொஞ்ச நேரம் ஆகும்.

தண்ணீருக்கு, பாமசியில் கிடைக்கும் ஊசிமருந்து கலக்கும் நீர் அல்லது கொதிக்க வைத்து ஆற வைத்த நீர். பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் மூச்சில் இழுப்பதற்கு உரியதல்ல.

பனியை அடைத்து வைக்கத் தலைமேல் போடும் கூட்டுக்கு: தடித்த, தெளிவான பொலித்தீன், இரண்டு கம்பி வளையம், டேப்.

கரைசல்

மாஸ்க் போட்டுச் சோதிக்கப் போகிறவர் இந்த வேலையைச் செய்யக்கூடாது. சக்கரின் தூள் விரலிலும் உதட்டிலும் ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்க எல்லாமே இனிக்கும். உதவி செய்பவர் தயாரிக்கட்டும்.

கடுங்கரைசல்: 10 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் 8.3 கிராம் சோடியம் சக்கரின். கரைய நேரமெடுக்கும், கலக்கிக்கொண்டே இருங்கள். மென்கரைசல்: அந்தக் கடுங்கரைசலில் 1 மில்லிலீற்றர் எடுத்து 100 மில்லிலீற்றர் நீரில். அமெரிக்க விதியில் 100 மில்லிலீற்றருக்கு 83 கிராம் என்று இருப்பதை வீட்டுக்குப் பத்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே உள்ள அந்த ஏறத்தாழ நூறு மடங்கு வித்தியாசம்தான் முழுச் சோதனையின் உயிர். மாஸ்க் இல்லாமல் மென்கரைசலின் இனிப்பை உணரும் நாக்கு, மாஸ்க் போட்டுக் கடுங்கரைசலின் இனிப்பை உணரவில்லை என்றால், மாஸ்க் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உள்ளே விடுகிறது.

அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே கலக்குங்கள், மீதியை ஊற்றிவிடுங்கள். மூச்சில் இழுக்கும் நீரை நம் வெயிலில் நாள்கணக்கில் வைத்திருப்பது நல்லதல்ல.

கூடு

விட்டம் 12 அங்குலம், உயரம் 14 அங்குலம் உள்ள உருளை. மேலே மூடி, கீழே திறந்து, தோளில் உட்கார வேண்டும். கம்பி வளையம் ஒன்று மேலே, ஒன்று கீழே, சுற்றிப் பொலித்தீன். எம்பிராய்டரி வளையம் இருந்தால் இன்னும் சுலபம். மூக்கு, வாய்க்கு நேரே முக்கால் அங்குலத் துளை ஒன்று, பனி விடுவதற்கு. உள்ளே தலையை இரு பக்கமும் திருப்ப இடம் வேண்டும், பொலித்தீன் முகத்தில் படக்கூடாது.

இதில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம்: வளையம் இல்லாத வெறும் பையைத் தலையில் கவிழ்க்காதீர்கள். கழுத்தில் கட்டாதீர்கள். தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். பிள்ளைகளுக்குச் செய்யாதீர்கள், கூட்டை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் விட்டு வைக்காதீர்கள். அடைத்த இடத்தில் பயம் உள்ளவர்கள், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பிறகுதான். மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது என்றால் உடனே கூட்டைத் தூக்கிவிட வேண்டும்.

சோதனை

1. சோதனைக்கு முந்தைய 15 நிமிடம் சாப்பாடு, பிளேன்டீ, வெற்றிலை, சிகரெட், சுவிங்கம் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் குடிக்கலாம்.

2. மாஸ்க் இல்லாமல் கூட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். வாயை லேசாகத் திறந்து, நாக்கைச் சற்று நீட்டி, வாயால் மூச்சு விடுங்கள். உதவியாளர் 'மென்' கிண்ணத்தைத் துளையில் வைத்து, பனி முகத்தில் நேரே அடிக்காதபடி சரித்துப் பிடித்து, 5 விநாடி ஓட விட்டு நிறுத்தட்டும். இனிக்கிறதா? இல்லையென்றால் இன்னும் 5 விநாடி. இப்படியே இனிப்புத் தெரியும்வரை. மொத்த விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். விதிப்படியான கருவியில் கைப்பம்பை 10, 20, 30 தடவை அழுத்துவார்கள்; கம்பிரசர் தொடர்ந்து ஓடுவதால் வீட்டில் விநாடியாக எண்ணுகிறோம். ஒரு நிமிடம் ஓடியும் இனிப்பே தெரியாவிட்டால் அந்த நாக்குக்குச் சக்கரின் ஒத்துவரவில்லை; இந்தச் சோதனை அவருக்கு எதையும் சொல்லாது.

3. கூட்டைக் கழற்றி, முகத்தைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, இனிப்பு முற்றாகப் போகும்வரை காத்திருங்கள். கூட்டின் உட்புறத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள்.

4. மாஸ்க்கைப் போட்டு, கைச்சோதனை செய்து, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். எங்கே அழுத்துகிறது, எங்கே கடிக்கிறது என்று தெரியட்டும். கொழும்பின் புழுக்கத்தில் வியர்க்கத் தொடங்கும். வியர்க்கட்டும், பஸ்ஸிலும் வியர்க்கத்தானே போகிறது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

5. கூட்டைப் போடுங்கள். மறுபடி வாயைச் சற்றுத் திறந்து, நாக்கை நீட்டி மூச்சு. இப்போது 'கடும்' கிண்ணம். முன்பு குறித்த அதே விநாடிகள் ஓட விட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு 30 விநாடிக்கும் அதில் பாதி நேரம் ஓட விட்டுக் கூட்டுக்குள் பனி குறையாமல் பார்க்க வேண்டும்.

6. கூட்டுக்குள் பனி இருக்கும்போதே இவை ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் செய்யுங்கள்: சாதாரண மூச்சு, ஆழ்ந்த மூச்சு, தலையை இடம் வலமாகத் திருப்பி ஒவ்வொரு முனையிலும் ஒரு மூச்சு, தலையை மேலும் கீழும் அசைத்து, மேலே பார்க்கும்போது ஒரு மூச்சு, சத்தமாகக் கதைப்பது, நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடுவது, மீண்டும் சாதாரண மூச்சு. கதைப்பதற்கு நூறிலிருந்து பின்னோக்கி எண்ணலாம், அல்லது பத்திரிகையை உரக்க வாசிக்கலாம். மரண அறிவித்தல் பக்கம் நல்ல நீளம், வாயை அகலத் திறக்க வைக்கும் ஊர்ப்பெயர்களும் நிறைய. கதைக்கும்போது தாடை இறங்குவதால் பல மாஸ்க் தோற்பது இங்கேதான்.

7. எந்த இடத்தில் இனித்தாலும் கையை உயர்த்துங்கள். அதோடு சோதனை முடிந்தது. அந்த மாஸ்க், அப்படிப் போட்ட விதத்தில், தோற்றுவிட்டது. எந்த அசைவின்போது இனித்தது என்று எழுதி வையுங்கள்.

8. ஏழு நிமிடமும் இனிக்கவில்லையா? உடனே கைதட்டாதீர்கள். கூட்டுக்குள் இருந்தபடியே ஒரு விரலால் மாஸ்க் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி மூச்சை இழுங்கள். சட்டென்று இனித்தால் சோதனை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, மாஸ்க் பாஸ். அப்போதும் இனிக்கவில்லை என்றால் நெபுலைசர் அடைத்திருக்கிறது அல்லது நாக்கு மரத்துவிட்டது. கிடைத்த முடிவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இந்தக் கடைசிப் படியை விதி கேட்பதில்லை, நான் கேட்கிறேன். வீட்டுக் கருவியை அளவு பார்த்துத் தருபவர் யாருமில்லை என்பதால் அது நமக்குத் தேவை.

தோற்றால்

தலை அசைக்கும்போது தோற்றால் பட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பட்டியையும் ஒரே இடத்தில் பிடரியில் போட்டிருப்பவர்கள் ஏராளம். கதைக்கும்போது தோற்றால் மாஸ்க் நாடிக்குக் கீழே போதிய அளவு இறங்கவில்லை, அதாவது உங்களுக்குச் சிறிது. மூச்சு விட்டதுமே தோற்றால் மூக்குப்பாலம்தான் முதல் சந்தேகம். அங்கே மருந்துக்கடையில் விற்கும் காகித டேப்பை ஓரத்துக்கும் தோலுக்கும் மேலாக ஒட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள். டேப்போடு பாஸ் ஆனால் கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. கம்பியை மீண்டும் வளைத்துப் பாருங்கள், சரிவராவிட்டால் மூக்கில் படும் இடத்தில் மாஸ்க்கின் உட்பக்கம் நுரைப்பட்டை வைத்த மாடலுக்கு மாறுங்கள்.

காதுப்பட்டி மாஸ்க்தான் கையில் இருக்கிறது என்றால் இரு பட்டியையும் தலைக்குப் பின்னால் ஒரு கொக்கியால் இழுத்துப் பூட்டிச் சோதியுங்கள். சிலருக்கு அதுவே போதும். ஒரே மாஸ்க் மூன்று தடவையும் வேறு வேறு விதத்தில் தோற்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வீட்டில் இன்னொருவர் முகத்துக்கு அதே மாடல் கச்சிதமாக இருக்கலாம். அவருக்குப் புதிதாக ஒன்று வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.

றப்பர் அரைமுக மாஸ்க் வைத்திருப்பவர்களுக்கு

பெயின்ட், தின்னர் வேலைக்கென்று கரி அடைத்த குப்பி பூட்டிய றப்பர் மாஸ்க் வைத்திருப்பவர்களுக்கு வாசனைச் சோதனை பொருந்தும், ஏனென்றால் அந்தக் குப்பி கரிம ஆவியைப் பிடிக்கும். விதியில் இருக்கும் பொருள் ஐசோஅமைல் அசிற்றேற்று. வாழைப்பழ எசன்ஸின் மணம் பெரும்பாலும் அதுதான். ஒரு துணியில் சில துளி விட்டு, மாஸ்க்கின் ஓரத்தைச் சுற்றிக் காட்டுங்கள். மாஸ்க்கை வேறு அறையில் வைத்தே போட்டுக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி உணராமல் போய்விடும். அளவு கணக்கு இதில் வீட்டில் சரிவராது. மணத்தால் தோற்றது என்பதை நம்பலாம், பாஸ் என்பதை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

இந்தச் சோதனை சொல்லாதவை

இது உங்கள் முகத்துக்கும் அந்த மாடலுக்கும் இடையிலான பொருத்தத்தை மட்டும் சொல்லும். துணி உண்மையானதா போலியா என்று சொல்லாது, நெபுலைசர் துளியை மட்டமான துணியும் ஓரளவு பிடித்துவிடும் என்பதால். தொழில் தளத்தில் கேட்கும் சான்றிதழுக்கு இது ஈடாகாது. பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத்தகட்டை வெட்டுவது, உடைப்பது போன்ற வேலைக்கு என்95 பாஸ் ஆகிவிட்டது என்று இறங்காதீர்கள். கிணறு, மலக்குழி, ஜெனரேட்டர் ஓடும் அடைத்த அறை ஆகியவற்றில் ஆளைக் கொல்வது வாயுவும் ஒட்சிசன் குறைவும். அங்கே எந்தத் துணி மாஸ்க்கும் உதவாது.

ஒரு மாடல் பாஸ் ஆனதும் அந்தப் பெயரையும் இலக்கத்தையும் பெட்டியோடு போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இனிமேல் அதையே பெட்டியாக வாங்கலாம். வருடத்துக்கு ஒரு முறை மறுபடி சோதியுங்கள். எடை குறிப்பிடும்படி கூடினாலோ குறைந்தாலோ, பல் கழற்றினாலோ கட்டினாலோ, முகத்தில் சத்திரசிகிச்சை நடந்தாலோ வருடத்தைப் பார்க்காமல் உடனே. சோதித்த மாஸ்க்கின் வெளிப்புறம் இனிப்பாகிவிட்டதால் அதை இன்னொரு நாள் சோதனைக்குப் பயன்படுத்த முடியாது. கிண்ணங்களையும் குழாய்களையும் சுடுநீரில் இரண்டு மூன்று முறை கழுவி, தலைகீழாகக் காயவிடுங்கள். கடுங்கரைசல் காய்ந்தால் பளிங்காகி முனையை அடைத்துவிடும், பிறகு இயந்திரம் இரவல் தந்த வீட்டுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.